கத்தியோட ஒருத்தன் நிக்கிறான், போலீஸ் வருது: அந்த முதல் ரெண்டு நிமிஷம்

பெரட்டுக்களம் | சுங்கை சிப்புட், மலேசியா | திங்கள், இரவு 9.12

எல்லாருக்கும் வணக்கம். மூனு வாரமா மனசுல கெடக்குற விஷயம், இன்னைக்குத்தான் எழுத உக்காந்தேன்.

எங்க தோட்டத்துக் கோயிலுக்குப் பக்கத்துல சிமெண்டு பேட்மிண்டன் கோட் ஒன்னு இருக்கு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆறு மணி வாக்குல பக்கத்து லயத்து (தோட்டத்து வீட்டு வரிசை) பையன் அந்தக் கோட்டு நடுவுல பாராங்கோட, அதான் நீளக் கத்தியோட நின்னான். வயசு இருபத்தி நாலு. மேலுக்குச் சட்டை இல்ல. யாரையும் வெட்டல, யாரையும் துரத்தல. தனக்குத் தானே பேசிக்கிட்டு, கத்தி முனையைத் தரையில தட்டித் தட்டி நடந்தான். சிமெண்டுல இரும்பு படுற சத்தம் இன்னும் என் காதுல இருக்கு.

யாரோ அவசர நம்பர் 999-க்குப் போன் அடிச்சிட்டாங்க. "ஒருத்தன் வெறி புடிச்சி நிக்கிறான், ஆளுங்கள வெட்டப் போறான்"னு சொன்னாங்களாம். எம்பிவி, அதான் போலீஸ் ரோந்துக் கார் ஒன்னு வந்துச்சு, ரெண்டே பேரு. நடுவயசு மலாய்க்கார சார்ஜன் ஒருத்தர், மீசை கூட சரியா மொளைக்காத கான்ஸ்டபிள் ஒருத்தர்.

கார் நேரா கோட்டுல வந்து நிக்கும், ரெண்டு பேரும் துப்பாக்கிய நீட்டிக் கத்துவாங்க, பையன் மிரண்டு திரும்புவான், கதை முடிஞ்சிரும். இப்படித்தான் நான் பயந்தேன். ஆனா சார்ஜன் நாப்பது அடிக்கு அந்தாண்டயே, தண்ணித் தொட்டிய ஒட்டி கார நிறுத்திட்டாரு. சைரன் போடல. தலைமேல சுத்துற விளக்கையும் அணைச்சாரு. அவரு மொதல்ல பார்த்தது பையனை இல்ல, எங்களைத்தான். போன்ல படம் புடிச்சிக்கிட்டிருந்த பசங்களைக் கான்ஸ்டபிள் லயத்துக்குள்ள வெரட்டினாரு. பிள்ளைங்க இருந்த பக்கம் முழுக்கக் கதவைச் சாத்தச் சொன்னாங்க.

அப்புறம் சார்ஜன் தொட்டிக்குப் பின்னால நின்னுக்கிட்டு, தோட்டத்துப் பக்கம் வளர்ந்தவரு போல, உடைஞ்ச தமிழ்ல கூப்பிட்டாரு. "தம்பி, நான் இங்கதான் நிக்கிறேன். கிட்ட வரமாட்டேன். தண்ணி வேணுமா?" கை இடுப்புகிட்ட இருந்துச்சு, துப்பாக்கி உறையிலதான் இருந்துச்சு. பையன் நாலடி முன்னால வந்தா இவரு நாலடி பின்னால போனாரு. அவனோட அம்மா அழுதுக்கிட்டு ஓடி வந்தாங்க. விடல. அந்த நேரத்துல எங்களுக்கு அவர் மேல கோபம் கூட வந்துச்சு, பெத்தவளைத் தடுக்குறானேன்னு.

நாப்பது நிமிஷம். கடைசியில அவன் களைச்சு உக்காந்தான். "கத்திய வலைக்கு அந்தாண்ட தள்ளிவிடு தம்பி." தள்ளிவிட்டான்.

என் கேள்வி இதுதான். இது அந்த ஒரு மனுஷனோட குணமா, இல்ல இப்படித்தான் செய்யணும்னு போலீசுக்குப் பயிற்சியே இருக்கா? அடுத்த தடவை வேற ஆள் வந்தா?

*

ஆறாம்_கட்டை | திங்கள், இரவு 9.50

அண்ணே, அந்தப் பையன் உயிரோட இருக்கான்னு படிச்சதும்தான் மூச்சு வந்துச்சு. எனக்கு நடந்தது வேற மாதிரி. ஊர் பேரு வேணாம்.

நான் குத்தகைக்குச் செம்பனை (எண்ணெய்ப் பனை) குலை வெட்டுறவன். காலையில ஆறரை மணி, இன்னும் சரியா விடியல. மோட்டார்ல பின்னால நீளக் கழியையும், அரிவாளைச் சாக்குல சுத்தியும் கட்டிக்கிட்டுப் போறேன். ரோட்டுல தடுத்தாங்க. சாக்கை அவுக்கச் சொன்னாங்க. அவுத்தேன். அரிவாள் வெளிய தெரிஞ்சதும் ஒருத்தர் துப்பாக்கியை உருவிட்டாரு. குப்புறப் படுக்கச் சொல்லிட்டாங்க. தார் ரோடு, மூஞ்சி தரையில. ஒருத்தர் "கையைத் தூக்கு"ன்னு மலாய்ல கத்துறாரு, இன்னொருத்தர் "அசையாதே"ன்னு கத்துறாரு. எதைக் கேக்குறது? தூக்கினா அசைஞ்ச மாதிரி, தூக்கலன்னா பணியாத மாதிரி. மண்டோர் (எங்க கங்காணி) வந்து சொன்ன பிறகுதான் விட்டாங்க.

தோட்டத்துல கத்தி இல்லாத வீடு எது? பால்மரம் வெட்டுனவங்க வீட்டுல உளி, செம்பனை வெட்டுறவங்க வீட்டுல அரிவாள், கோழி அறுக்க ஒன்னு, புல்லு வெட்ட ஒன்னு. எங்க கையில இருந்தா மட்டும் அது ஆயுதமா?

2010 ஏப்ரல் மாசம் ஷா ஆலாம்ல பள்ளிக்கூடப் பையனைச் சுட்டாங்களே, மறந்துட்டீங்களா? ராத்திரி அக்கா காரை எடுத்துக்கிட்டுப் போன பையன். காருக்குள்ள பாராங் இருந்துச்சுன்னு போலீஸ் சொன்னாங்க, குடும்பம் இல்லவே இல்லன்னாங்க. 2011-ல செஷன்ஸ் கோர்ட் சுட்ட போலீஸ் கார்ப்பரலுக்கு 5 வருஷம் போட்டுச்சு, 2012 கடைசியில ஹைகோர்ட் விடுதலை பண்ணிருச்சு. பாராங்னு ஒரு சொல் போதும், செத்தவன் மேலேயே சந்தேகம் திரும்பிடுது.

*

லயத்து_அக்கா | திங்கள், இரவு 10.05

எனக்கு ஒன்னு புரியல. சுட்டுத்தான் ஆகணும்னா கால்ல சுடலாமில்ல? ஏன் நெஞ்சுலயே சுடுறாங்க?

*

முன்னாள்_காக்கி | பேராக் | திங்கள், இரவு 11.31

28 வருஷம் போலீஸ் சட்டை போட்டவன். தமிழன்தான், லயத்துல பொறந்தவன்தான். பொறுமையாப் படிங்க.

அக்கா கேட்டதுக்கு மொதல்ல. ஓடி வர்றவனோட கால் நிக்காம ஆடுற ரெண்டு கொம்பு மாதிரி. அந்த நேரத்துல சுடுறவன் கை நடுங்கும், காது அடைச்சிக்கும், பார்வை சுருங்கிக் கத்தி மட்டும்தான் தெரியும். தப்பிப்போன தோட்டா எங்க போகும்? பழைய லயத்துச் சுவரு பலகைதான், உள்ள பிள்ளை படுத்திருக்கும். அதோட தொடையில பெரிய ரத்தக்குழாய் ஓடுது, அதுல பட்டா சில நிமிஷத்துல உயிர் போயிரும். அதனால கால்ல சுடுறது இளகின வழின்னு யாரும் நினைக்காதீங்க. துப்பாக்கி எடுத்தா உயிர் போகும்னு நெனச்சிக்கிட்டுத்தான் எடுக்கணும். வேற வழி இருக்கும்போது எடுக்கவே கூடாது.

இப்ப தூரம். 1983-ல, அமெரிக்காவுல சால்ட் லேக் சிட்டி போலீஸ் பயிற்சியாளர் டென்னிஸ் டுவெல்லர் ஒரு சோதனை செஞ்சு எழுதினாரு. கத்தி வெச்சிருக்கிறவன் 21 அடிய ஒன்றரை விநாடியில ஓடிக் கடந்துடுறான். பழகின போலீஸ்காரர் உறையில இருந்து எடுத்துச் சுடவும் அதே ஒன்றரை விநாடி ஆகுது. 21 அடின்னா 6.4 மீட்டர். பேட்மிண்டன் கோட்டுல வலையில இருந்து பின்கோடு வரைக்கும் 6.7 மீட்டர். பெரட்டுக்களம், ஒருநாள் வலைகிட்ட நின்னுக்கிட்டு, பின்கோட்டுல இருந்து ஒரு பையனை உங்களை நோக்கி ஓடி வரச் சொல்லுங்க. நான் எதைச் சொல்றேன்னு புரியும்.

இந்தக் கணக்கைத் தப்பா எடுத்துக்கிட்டவங்க எங்க ஆளுங்களிலேயே நிறைய. "21 அடிக்குள்ள வந்தா சுடலாம்"னு மனப்பாடம் பண்ணிட்டாங்க. அது சுடச் சொல்ற கோடு இல்லய்யா. அவ்வளவு கிட்டப் போய் நிக்காதேன்னு சொல்ற கணக்கு. உங்க சார்ஜன் அதுக்கு ரெண்டு மடங்கு தூரத்துல, தொட்டிய நடுவுல வெச்சு நின்னாரு பாருங்க, அதுதான் வேலை தெரிஞ்சவன் நிக்கிற இடம். நடுவுல ஒரு தடுப்பு இருந்தா அவன் சுத்தி வரணும், சுத்தி வர்ற நேரம் நமக்கு. நேரம் கிடைச்சா பேசலாம், கூட ஆள் வரவழைக்கலாம், அவனும் களைப்பான். அவன் முன்னால வந்தப்ப பின்னால போனாரே, அதைக் கோழைத்தனம்னு நெனச்ச காலம் உண்டு. நானும் அப்படி நெனச்சவன்தான், இளவயசுல.

ஆறாம்_கட்டை தம்பி, உனக்கு நடந்தது தப்பு. ரெண்டு பேர் ரெண்டு விதமாக் கத்துனது பெரிய தப்பு. ஒருத்தர்தான் பேசணும், மத்தவர் வாயை மூடிக்கிட்டு அவன் கையைப் பார்க்கணும். மொதல் பாடமே அதான்.

ஆனா ஒன்னு கேக்குறேன். 2024 மே 17, விடியக்காலம், ஜொகூர் உலு திராம் போலீஸ் நிலையம். 21 வயசுப் பையன் ஒருத்தன் பாராங்கோட வந்தான். ரெண்டு இளம் கான்ஸ்டபிள் செத்தாங்க. கத்தியால ஒருத்தரை வெட்டி, அவரோட துப்பாக்கியைப் புடுங்கித்தான் அடுத்தவரைச் சுட்டான். காயம்பட்ட மூனாவது ஆள்தான் அவனைச் சுட்டு நிறுத்தினாரு. அந்தச் செய்தி வந்த அன்னைக்கு நான் சாப்பிடல. கத்திதானேன்னு யாரும் சொல்லாதீங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு எம்பிவி-ல போற இருபத்தி ரெண்டு வயசுப் பிள்ளைக்கும் வீட்டுல அம்மா இருக்கா.

*

ஆறாம்_கட்டை | திங்கள், இரவு 11.48

அந்த ரெண்டு பேருக்காக நானும் அழுதவன்தான் ஐயா. அவங்க சாவு வேற, என்னை ரோட்டுல படுக்கப் போட்டது வேற. ரெண்டையும் ஒன்னாக் கட்டாதீங்க.

*

கோர்ட்_வாசல் | ஈப்போ | செவ்வாய், காலை 8.20

வழக்கறிஞராக இருக்கிறேன். சட்டம் என்ன சொல்கிறது என்று மட்டும் எழுதுகிறேன்.

குற்றவியல் நடைமுறைச் சட்டம் 15-ஆவது பிரிவு: கைது செய்யும்போது ஒருவர் பலத்தைக் காட்டி எதிர்த்தால், தேவையான எல்லா வழிகளையும் போலீஸ் பயன்படுத்தலாம். உடனே அடுத்த உட்பிரிவு ஒரு வேலி போடுகிறது. மரண தண்டனைக்கோ மிக நீண்ட சிறைக்கோ உரிய குற்றம் சாட்டப்படாத ஒருவரின் உயிரைப் பறிக்க இந்தப் பிரிவு உரிமை தராது. ஆக "கைது செய்யப் போனேன், ஓடினான், சுட்டேன்" என்பது பொதுவாக நிற்காது. போலீஸ்காரர் நம்பி நிற்க வேண்டியது தண்டனைச் சட்டத்தின் தற்காப்பு உரிமையை. 100-ஆவது பிரிவின்படி சாவோ பெருங்காயமோ வரும் என்று நியாயமாக அஞ்சினால் அந்த உரிமை எதிராளியின் உயிரை எடுப்பது வரை நீளும். 99-ஆவது பிரிவு அதற்கும் எல்லை வைக்கிறது: காத்துக்கொள்ளத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது. இது உங்களுக்கும் எனக்கும் உள்ள அதே உரிமைதான்.

கத்தி பற்றி: 1958-ஆம் ஆண்டு அரிப்புப் பொருள், வெடிபொருள், தாக்கும் ஆயுதச் சட்டத்தின் 6-ஆவது பிரிவு, பொது இடத்தில் தகுந்த அதிகாரமோ நியாயமான நோக்கமோ இல்லாமல் ஆயுதம் வைத்திருப்பதைத்தான் குற்றமாக்குகிறது. குலை வெட்டப் போகிறவருக்கு நியாயமான நோக்கம் இருக்கிறது. அதை நீங்கள்தான் எடுத்துக்காட்ட வேண்டி வரும். தோட்ட அலுவலகத்துக் கடிதம் ஒன்றை மோட்டார் இருக்கைக்கு அடியில் வைத்திருங்கள்.

பெரட்டுக்களம் சொன்ன பையன் விஷயத்தில் பொருந்துவது இன்னொரு சட்டம். 2001 மனநலச் சட்டம், 11-ஆவது பிரிவு. மனநோயால் தனக்கோ பிறருக்கோ ஆபத்தாக இருக்கிறார் என்று நம்பக் காரணம் இருந்தால் போலீஸ் அவரைப் பிடித்து, 24 மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனைக்கு ஒப்படைக்க வேண்டும். அங்கே அவர் குற்றவாளி இல்லை, நோயாளி. 2023-இல் தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவை நீக்கியபோது, தீயணைப்புப் படை, குடிமைத் தற்காப்புப் படை ஆட்களுக்கும் இப்படித் தலையிடும் அதிகாரம் கொடுத்தார்கள். எங்கள் பக்கத்தில் இதைத் தெரிந்தவர்கள் குறைவு.

*

வார்டு_பன்னிரண்டு | செவ்வாய், மாலை 5.40

மனநோய் வார்டுல தாதியா இருக்கேன். தஞ்சோங் ரம்புத்தான் ஆஸ்பத்திரி 1911-ல தொறந்தது. நூறு வருஷத்துக்கு மேல ஆகியும் நம்ம ஆளுங்க வாயில அந்த ஊர் பேரு இன்னும் திட்டுற வார்த்தையாத்தான் இருக்கு. "அவன் தஞ்சோங் ரம்புத்தான் கேஸ்"னு பேர் வெச்சிடுவாங்கன்னு பயந்தே எத்தனையோ அம்மாங்க பிள்ளையைக் கூட்டிக்கிட்டு வர்றதில்ல. மாச ஊசியை ரெண்டு தடவை விட்டாப் போதும், மூனாவது மாசம் போலீஸ் கார்லதான் வந்து சேருவாங்க.

பையன் காதுல அந்த நேரத்துல ஏற்கெனவே ரெண்டு மூனு குரல் ஓடிக்கிட்டிருக்கும். அதுக்கு மேல சைரன், ஜனங்க கத்தல், மலாய்ல ஒரு உத்தரவு, தமிழ்ல அம்மா அழுகை. எதுக்குன்னு பணிவான்? "பணியல"ன்னு நீங்க நெனக்கிறது பல நேரம் கேக்கலைங்கிறதுதான். ஒரே குரல், சின்ன வாக்கியம், சொன்னதையே திரும்பச் சொல்றது, பதிலுக்குக் காத்திருக்கிறது. சார்ஜன் "தண்ணி வேணுமா"ன்னு கேட்டாரே, அதுக்கு ஆமாம் இல்லன்னு சொல்லலாம். "கத்தியக் கீழ போடு"ங்கிறதுக்குப் பயந்தவன் என்ன சொல்லுவான்? அவனைப் பொறுத்தவரைக்கும் அந்தக் கத்தி ஒன்னுதான் அவனைக் காப்பாத்துது.

அம்மாவைத் தடுத்தது சரிதான். எனக்கும் வலிக்குது, ஆனா சரி. அவனைப் பயமுறுத்துற குரல் யாரைப் பத்திப் பேசுதுன்னு நமக்குத் தெரியாது. பல தடவை அது வீட்டு ஆளுங்களைப் பத்தித்தான் இருக்கும்.

*

வாத்தியார்_கிள்ளான் | செவ்வாய், இரவு 9.15

இது குணமா பயிற்சியா என்று இழை தொடங்கியவர் கேட்டாரே, பயிற்சியால் மாற்ற முடியும் என்பதற்கு வெளியூர்க் கணக்கு இருக்கிறது.

அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் கத்தி வைத்திருந்த மனநோயாளி ஒருவரைப் போலீஸ் சுட்டுக்கொன்றது. அதற்குப் பிறகு, 1988-இல், நெருக்கடியில் இருப்பவர்களிடம் போவதற்கென்றே 40 மணி நேரப் பயிற்சி பெற்ற ரோந்துக்காரர்களை அங்கே ஏற்படுத்தினார்கள். 2016-இல் வாஷிங்டனில் உள்ள போலீஸ் நிர்வாகிகள் ஆய்வு மன்றம், 21 அடிக் கணக்கைச் சுடுவதற்கான விதியாகச் சொல்லிக்கொடுப்பதைக் கைவிடச் சொல்லி, தூரம், மறைவு, நேரம் என்பதை வைத்துப் புதிய பாடம் வகுத்தது. துப்பாக்கி இல்லாமல் கையில் கத்தியோ கல்லோ வைத்திருப்பவர்களுக்காக வகுத்த பாடம் அது. லூயிவில் நகரில் அந்தப் பாடத்தைச் சின்சினாட்டி பல்கலைக்கழகம் அளந்து பார்த்தபோது, பலப்பிரயோகம் சுமார் 28 விழுக்காடு குறைந்திருந்தது. பொதுமக்கள் காயம் 26 விழுக்காடு. போலீஸ்காரர்கள் காயம் 36 விழுக்காடு. கடைசி எண்ணைக் காக்கி ஐயா கவனிக்க வேண்டும். பொறுத்து நின்றதில் அதிகம் பிழைத்தவர்கள் போலீஸ்காரர்கள்தான்.

இன்னொன்று, 999-க்குப் போன அந்த அழைப்பு. 2014 நவம்பரில் கிளீவ்லண்ட் நகரப் பூங்காவில் 12 வயதுச் சிறுவன் ஒருவன் பொம்மைத் துப்பாக்கியோடு விளையாடினான். போன் செய்தவர், அது போலியாக இருக்கலாம், ஆள் சிறுவனாக இருக்கலாம் என்று சொல்லியிருந்தார். அந்த இரண்டும் ரோந்துக் காருக்குப் போய்ச் சேரவில்லை. கார் புல்தரையில் ஏறிச் சிறுவனுக்குப் பக்கத்திலேயே நின்றது. இரண்டு விநாடிக்குள் சுட்டுவிட்டார்கள். கிளீவ்லண்ட் நகரம் அந்தக் குடும்பத்துக்கு 60 லட்சம் டாலர் கொடுத்துத் தீர்த்தது. பெரட்டுக்களத்தின் தோட்டத்திலிருந்து போன வாசகத்தைப் பாருங்கள்: "ஆளுங்கள வெட்டப் போறான்." அவன் யாரையும் வெட்டப் போகவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். அந்த வாசகத்தைக் காதில் வாங்கிக்கொண்டுதான் அந்த இளம் கான்ஸ்டபிள் காரில் வந்திருப்பார்.

*

முன்னாள்_காக்கி | செவ்வாய், இரவு 10.22

வாத்தியார் ஐயா, எண்ணை ஒத்துக்கிறேன். ஆனா லூயிவில்ல கூட ஆள் கேட்டா வருவாங்க. தோட்டத்துல? மாவட்டத் தலைமையகத்துல இருந்து இன்னொரு கார் வர்றதுக்குள்ள செம்மண் ரோட்டுல எவ்வளவு நேரம் ஆகும்னு எனக்குத் தெரியும். வாக்கி டாக்கி செம்பனைக்குள்ள பல இடத்துல எடுக்காது. ரெண்டு பேர் நிக்கிறதும் பத்துப் பேர் நிக்கிறதும் ஒன்னாகாது.

இன்னொன்னையும் சொல்லியாகணும். காத்திருக்கலாம்னா அவன் நின்ன இடத்துலயே நிக்கணும். பையன் கோட்டை விட்டு லயத்தைப் பார்த்து நடக்க ஆரம்பிச்சிருந்தா, கதவு தொறந்திருந்தா, உள்ள பிள்ளைங்க இருந்திருந்தா, சார்ஜன் பின்னால போயிருக்க முடியாது. குறுக்க நின்னுதான் ஆகணும். அதனாலதான் மொதல்ல கூட்டத்தை ஒதுக்கினாரு. ஆளுங்க யாரும் கிட்ட இல்லன்னாதான் நேரம் நம்ம பக்கம். உங்க ஊர்க்காரங்க வீடியோ எடுக்க நின்ன ஒவ்வொரு நிமிஷமும் அந்தப் பையனோட உயிர்ல இருந்து கழிஞ்சது.

பழைய காலத்துல மலாய் நாட்டுலயும் ஜாவாவுலயும் அமோக், அதான் கொலைவெறி, புடிச்சவனைப் பிடிக்க நீளக் கழியில கவட்டை மாதிரி ஒரு கருவி வெச்சிருந்தாங்க. ஆளைக் கொல்லாம, கையெட்டாத தூரத்துல இருந்து சுவத்தோட அணைச்சுப் பிடிக்க. ஜப்பான் போலீஸ் அந்த மாதிரிக் கவட்டையை இன்னைக்கும் வெச்சிருக்கு. அமோக்குன்னு உலகத்துக்கே சொல் குடுத்த நாட்டுல, இடுப்புல துப்பாக்கியும் வெறுங்கையும்தான் மிச்சம்னா எப்படி? ஒவ்வொரு எம்பிவி-லயும் ஒரு கேடயமாவது இருக்கணும். நான் இருந்த காலத்துலயே கேட்டேன்.

*

ஆறாம்_கட்டை | செவ்வாய், இரவு 10.41

ஐயா சொல்றதை ஏத்துக்கிறேன். ஆனா எப்ப துப்பாக்கி எடுக்கலாம்னு உங்க உள் உத்தரவுல என்ன இருக்குன்னு நாங்க படிக்க முடியுமா? முடியாது. 1990-ல ஐக்கிய நாட்டு மாநாட்டுல எழுதுன கோட்பாடு எல்லாரும் படிக்கலாம்: போலீஸ்னு சொல்லணும், எச்சரிக்கணும், அந்த எச்சரிக்கையைக் கேட்டு நடக்க நேரம் குடுக்கணும். எனக்கு அந்த நேரம் குடுக்கல. 2005-லயே போலீசைப் பத்தி ஆராஞ்ச அரச ஆணையம் 125 பரிந்துரை எழுதிக் குடுத்துச்சு, அதுல ஒன்னு போலீசைத் தனியா விசாரிக்கிற ஆணையம் வேணும்னு. 2023 ஜூலையில வந்த ஆணையத்துக்குத் தண்டிக்கிற அதிகாரம் இல்ல. நல்ல சார்ஜன் வந்தா பிழைப்போம், இல்லன்னா ரோட்டுல படுப்போம். இப்படித்தான் வாழணுமா?

*

கோர்ட்_வாசல் | செவ்வாய், இரவு 11.02

ஆறாம்_கட்டை, நீங்கள் புகார் கொடுத்தீர்களா? தேதியும் நேரமும் நினைவிருந்தால் இப்போதும் எழுதிக் கொடுக்கலாம். தனிச்செய்தியில் வாருங்கள், எழுத உதவுகிறேன். கட்டணம் வேண்டாம்.

*

பெரட்டுக்களம் | புதன், இரவு 8.30

எல்லாத்தையும் ரெண்டு தடவை படிச்சேன். நேத்து சாயங்காலம் காக்கி ஐயா சொன்ன மாதிரி கோட்டுல போய் நின்னேன். என் மகன் பின்கோட்டுல இருந்து கையில வெறும் ராக்கெட்டோட ஓடி வந்தான். இடுப்புல இருந்த போன எடுக்குறதுக்குள்ள என் மேல வந்து மோதிட்டான். அவனுக்கு வயசு பதினாலு.

999-க்கு அடிச்சது யாருன்னு கேட்டுப் பார்த்தேன். எங்க தோட்டத்துக் கிராணியோட (ஆபீஸ் குமாஸ்தா) சம்சாரம். பயத்துல அப்படிச் சொல்லிட்டேன்னு அழுதாங்க. அவங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன், எனக்கும் அந்த நேரத்துல வேற வார்த்தை வந்திருக்காது. இன்னைக்குக் காலையில பெரட்டுல, ஆளுங்களை அனுப்புறதுக்கு முன்னால அஞ்சு நிமிஷம் இதைப் பத்திப் பேசினேன். அடிச்சா கண்ணால பார்த்ததை மட்டும் சொல்லுங்கன்னேன். கையில என்ன இருக்கு, அதை வெச்சு என்ன பண்றான், நிக்கிறானா நடக்குறானா, யாராவது கிட்ட இருக்காங்களா, மருந்து சாப்பிடுறவனா, எந்த மொழி புரியும், தோட்டத்துக்குள்ள எந்த வழி. ஒருத்தர் கேட்டுகிட்ட போய் நின்னு போலீசுக்கு வழி காட்டணும், மத்தவங்க எல்லாம் வீட்டுக்குள்ள. குலை வெட்டுறவங்களுக்கு மேனேஜர் கடிதம் குடுக்க ஒத்துக்கிட்டாரு. வர்ற மாசச் சம்பளத்தோட வரும்.

வார்டு_பன்னிரண்டு அக்கா, ஊசி விஷயம் நீங்க சொன்னதுதான். ரெண்டு மாசம் போகல. பஸ் இல்ல, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போனா அம்மாவுக்கு ஒருநாள் சம்பளம் போகும். இனிமே நான் என் கார்ல கூட்டிக்கிட்டுப் போறேன்னு சொல்லியிருக்கேன். தேதி 14, போர்டுல எழுதி வெச்சிருக்கேன்.

அந்தப் பாராங் அவனோட அப்பாவோடது, செத்துப்போன மனுஷன் முப்பது வருஷம் புழங்கினது. போலீஸ் எழுதிக்கிட்டு, அப்புறம் திருப்பிக் குடுத்துட்டாங்க. அம்மாவுக்குத் தூக்கிப் போடவும் மனசு வரல, வீட்டுல வெக்கவும் பயம். பழைய சேலையில சுத்தி எங்க வீட்டுக்குக் கொண்டு வந்தாங்க. எங்க அலமாரி மேலதான் இருக்கு.

*

வார்டு_பன்னிரண்டு | புதன், இரவு 9.04

14-ஆம் தேதி எனக்குக் காலை வேலை. பத்து மணிக்கு முன்னால வந்தா கூட்டம் இருக்காது. வந்ததும் வாசல்ல இருந்து ஒரு செய்தி போடுங்க, நான் இறங்கி வர்றேன்.